அரை நூல் கனம்

குத்துதா சார்? மன்னிச்சுக்கங்க, இந்தப் பக்கமாத் திருப்பி வச்சுக்கிறேன். கத்திதான். பயப்படாதீங்க, அட்டையில சுத்தி அதுக்கு மேல துண்டையும் சுத்தித்தான் வச்சிருக்கேன், உங்களைக் குத்தினது பிடியாத்தான் இருக்கும். காய் வெட்டுற கத்தி சார். என் சம்சாரத்துக்குக் கொண்டுபோறேன்.

நீங்க தூத்துக்குடி வரைக்குமா? அப்ப நல்லாச் சாய்ஞ்சு உக்காருங்க. நான் பந்தல்குடியில இறங்கிருவேன். அங்கதான் என் மச்சினன் வீடு, என் சம்சாரம் அங்கதான் இருக்கா. பொங்கலுக்கு முன்னாடி போனவ, மாசி முடியப்போகுது, இன்னும் வந்தபாடில்லை. இன்னைக்கு எப்படியும் கையோட கூட்டிட்டு வந்துரணும்னு லீவு போட்டுக் கிளம்பிட்டேன். லீவு கேட்டதுக்கு எங்க மொதலாளி, முகூர்த்த சீசன்ல உமக்கு என்னய்யா லீவுன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். பொண்டாட்டியைக் கூட்டியாரப் போறேன்னு சொல்ல முடியுமா, இந்த வயசுல? காய்ச்சல்னு சொல்லிட்டேன்.

மதுரையில பாத்திரக்கடை சார். பெரிய கடை. கீழ எவர்சில்வர், மாடியில பித்தளை, பின்பக்கம் போனீங்கன்னா கத்தி செக்‌ஷன், அது நம்ம பொறுப்பு. கத்தி, அரிவாமனை, துருவி, அரிவாள், பாக்குவெட்டி, எல்லாம். என் தலை நரைச்சதே அந்தக் கவுண்டருக்குப் பின்னாலதான். காலையில நின்னா கடை சாத்துற வரைக்கும் நிப்புதான். ஸ்டூல் ஒண்ணு போட்டிருக்காங்க, இல்லேங்கலை, ஆனா உக்காந்தா மொதலாளி பார்க்கற பார்வையில நாமளே எந்திரிச்சுருவோம். கணுக்கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடக்கு. அதை விடுங்க.

கத்தின்னா ஆளுங்க நுனியைப் பார்ப்பாங்க, பளபளப்பைப் பார்ப்பாங்க, பிடி என்ன கலருன்னு பார்ப்பாங்க. முதுகைப் பார்க்கறவங்க ஒருத்தர் கிடையாது. கத்திக்கு முதுகுதான் சார் முக்கியம். முதுகோட கனம். எங்க கடையில எல்லாம் நூல் கணக்குத்தான், ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். தக்காளி, வெங்காயம், பீன்ஸுக்கு அரை நூல் கனத்துக்கு மேல போகவே கூடாது. போனீங்கன்னா தக்காளியை அறுக்காது, நசுக்கும். சேனை, பூசணிக்கு முக்கால் நூல் வேணும், இல்லேன்னா தகடு பாதியில வளைஞ்சுக்கிட்டு நிக்கும். கறிக்கு ஒரு நூல். எலும்பு வெட்டறதுக்கு ஒண்ணரை, ரெண்டு. அம்புட்டுத்தான் விஷயம். ஆனா வர்றவங்க அத்தனை பேரும், எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஒரு கத்தி குடுங்கன்னுதான் வருவாங்க. எலும்பு உடைக்கிற கத்தியால எலுமிச்சம்பழம் அரிவீங்களாம்மான்னு கேட்டா, வித்தா வில்லு, பேசாதங்கற மாதிரி ஒரு பார்வை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத்தான் சொல்றது. அலுத்துப்போச்சு சார்.

அதனால நான் யார்கிட்டயும் என்ன வேணும்னு கேக்கறதே இல்லை. கையைப் பார்ப்பேன். விரல் ஓரத்துல கருப்பேறியிருந்தா வாழைக்காயும் வாழைப்பூவும் நிறையப் புழங்குற கை. ஆள்காட்டி விரல்ல உள்பக்கமாக் காய்ச்சிருந்தா ஓட்டல் கை, இல்லேன்னா சமையல் காண்ட்ராக்ட். ஒருத்தர் வெள்ளை வேட்டி, விபூதிப் பட்டையோட வந்து பழம் வெட்ட ஒரு கத்தின்னாரு. கையைப் பார்த்தேன், பேசாம ஒரு நூல் கனத்துல கறிக்கத்தியை எடுத்து வச்சேன். சிரிச்சுட்டாரு. வாங்கிட்டும் போனாரு. மொதலாளியே வர்றவங்க கிட்ட, பூவலிங்கத்துகிட்ட கையைக் காட்டுங்க, அவரே எடுத்துத் தருவாருன்னு சொல்லுவாரு. ஜோசியக்காரன் மாதிரி ஆக்கிட்டாங்க என்னை.

உங்க கையைக் காட்டுங்க. சும்மா காட்டுங்க. ம். நீங்க வீட்டுல வெங்காயம்கூட உரிக்கறதில்லை. சரிதானா? பாத்தீங்களா. சிரிக்கிறீங்க.

அந்த மாதிரி கண்ணு உள்ளவன் வீட்டுலதான் சார் கத்தியால சண்டை. சண்டைன்னா வெட்டுக்குத்து இல்லை, வாய்ச் சண்டைகூட இல்லை. அவ பேர் தங்கபுஷ்பம். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது அவளுக்கு. சமையல்ல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. பீன்ஸ் பொரியல் வச்சா ஒவ்வொண்ணும் ஒரே அளவா, எண்ணி வெட்டுன மாதிரி இருக்கும். எங்க பொண்ணு கல்யாணத்தப்ப ஓசூர்ல இருந்து வந்த சம்பந்தி அம்மாவே, இது மிசின்ல வெட்டினதான்னு கேட்டாங்க. அப்படி இருந்தவ.

ஐப்பசி மழை நேரம்னு நினைக்கிறேன், அப்பதான் ஆரம்பிச்சுச்சு. ஒரு நாள் மத்தியானம் சோத்துப் பாத்திரத்தைத் திறந்தேன், கடையில உக்காந்து, பீன்ஸ் ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு நகத்தளவு. கையால ஒடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. கத்தரிக்காயில காம்பு அப்படியே இருக்கு. சரி, ஏதோ அவசரம்னு விட்டுட்டேன். மறுநாளும் அதே. உருளைக்கிழங்கு பாதித் தோலோட கிடக்கு. நான் கோவிச்சுக்கலை சார். கோவிக்கிற ஆளே இல்லை நான். வந்து மெதுவாச் சொன்னேன், தங்கம், பக்கத்துக் கவுண்டர்ல எல்லாரும் என் டப்பாவை எட்டிப் பார்க்கறாங்க, கத்தி செக்‌ஷன்காரன் வீட்டுப் பொரியலா இதுன்னு கேக்கப் போறாங்கன்னு. சொல்லிக்காட்டினது அம்புட்டுத்தான். அவ, கத்தி சரியில்லீங்கன்னா.

கத்தி சரியில்லை. சரி. அது நம்ம தப்பு, ஒத்துக்கறேன். அவ வச்சிருந்தது இரும்பறுக்கிற ஆக்சா பிளேடுல பண்ணின பழைய கத்தி, பிடிக்குத் துணி சுத்தினது. கத்தி விக்கிறவன் பொண்டாட்டி அதை வச்சு வெட்டலாமா? மறுநாளே கடையில இருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். முக்கால் நூல் கனம், நல்ல அகலம். முதுகு கனமா இருந்தா உள்ளங்கையை மேல வச்சு ஒரு அழுத்து அழுத்தினாப் போதும், கத்தியே வெட்டிரும், கை வேலை செய்ய வேண்டாம். அவளுக்கு அதை நின்னு செஞ்சே காட்டினேன். ரெண்டு நாள் வச்சிருந்தா. என்ன தங்கம், எப்படின்னேன். கனமா இருக்குங்கன்னா.

பாத்தீங்களா, அவளுக்கும் விஷயம் தெரியுது. வெங்காயம் தக்காளிக்கு முக்கால் நூல் கனம் ஜாஸ்திதான். வீட்டுப் பொம்பளை சேனையும் பூசணியுமா தினம் வெட்டப்போறா? எனக்கே ஒரு மாதிரி சந்தோசமா இருந்துச்சு, கத்தி விக்கிறவன்கூட வாழ்ந்ததுல நூல் கணக்கு அவளுக்கும் ஏறிருச்சேன்னு. அடுத்தாப்புல அரை நூலுக்கு ஒண்ணு கொண்டாந்தேன். நல்ல பித்தளைப் பிடி போட்டது, கோயில் தேர்ச் சக்கரம் மாதிரி வேலைப்பாடு, விலை ஜாஸ்தி. மொதலாளி கழிவு போட்டுக் குடுத்தார். அவளுக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்தது. அதைக் கையில வாங்கினா, உடனே மேடையில வச்சுட்டா. இதுவும் கனமா இருக்குங்கறா.

சார், அரை நூல் கனம். அதுக்கு மேல ஒரு முடி கிடையாது. அதைப் போய் கனமா இருக்குன்னா நான் என்ன பண்றது?

இதுக்கு நடுவுல வீடே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. ஒண்ணொண்ணாச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க. வாசல்ல தினம் புள்ளிக்கோலம் போடுவா, எங்க தெருவுல அவ கோலத்தைத் தாண்டி ஒரு கோலம் கிடையாது. மார்கழி மாசம் வருது, தெருவே கோலம் போடுது, இவ கடையில இருந்து ஸ்டிக்கர் கோலம் வாங்கியாந்து ஒட்டிட்டா. என்ன தங்கம் இதுன்னா, குனிய முடியலீங்கறா. எப்பவும் சேலைதான் கட்டுவா, வெடிஞ்சு எந்திரிச்சா கொசுவம் வச்சுக் கட்டித்தான் அடுப்படிக்கே வருவா. திடீர்னு நாள் பூரா நைட்டி. மாடி வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தலை பின்னிக்கறா, ஸ்கூல் போற பிள்ளையாட்டம். கண்ணாடி டம்ளர் வரிசையா உடையுது. எவர்சில்வர் செம்பு கீழ விழுந்து நெளிஞ்சுபோச்சு. எல்லாம் இந்த டிவி பண்ற வேலை, கவனம் பூரா சீரியல்லன்னு நினைச்சேன். சொல்லவும் செஞ்சேன்.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன் சார். ஒரு நாள் காலையில காப்பியை இடது கையால நீட்டுறா. எனக்கு. கட்டின புருசனுக்கு. பிச்சைக்காரனுக்குக்கூட அப்படிக் குடுக்க மாட்டோம். யாருக்கு நீட்டுற அந்தக் கையை, அப்படின்னு ஒரு வார்த்தை கேட்டேன். ஒரே வார்த்தை. அவ டம்ளரைக் கீழ வச்சுட்டு உள்ள போயிட்டா. அதுல இருந்து காப்பியை மேசையில வச்சுட்டுப் போயிருவா, கையில குடுக்கறதே இல்லை. ரோசம். எனக்கும் ரோசம் இருக்கும்ல? நானும் எடுத்துக் குடிச்சுட்டுப் பேசாம போயிருவேன். அப்படியே ரெண்டு பேரும் பேசாம, ஒரு வீட்டுல, எம்புட்டு நாள்... சாயங்காலம் கடைவிட்டு வந்தா கால் கடுக்குதுன்னு சொல்றதுக்குக்கூட ஒரு முகம் இல்லை சார்.

என்ன கேட்டீங்க? வலது கையா? ஆமா, அவ வலது கைக்காரிதான். இடது கையால எதுவும் செய்ய மாட்டா. அதான் சொல்றேனே, வேணும்னே பண்ணினது. ஏன் கேக்கறீங்க, நீங்க டாக்டரா? இல்லையா. சரி சரி.

வலியா? இல்லை, வலிக்குதுன்னு சொல்லலை. ஒரு வாட்டி, கையே கனமா இருக்குங்கன்னு சொன்னா. அதான் நானும் யோசிச்சேன். கத்தி கனமா இருந்தா கை கனக்கத்தான் செய்யும். அதுக்குத்தானே அரை நூலுக்கே இறங்கினேன். இல்லேன்னா நான் ஏன் பித்தளைப் பிடி போட்டதைத் தூக்கிட்டு வர்றேன், சொல்லுங்க.

அப்புறம்தான் அந்த அளந்த விஷயம். அதை யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்டச் சொல்றேன். நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. அரை நூல் கத்தியும் கனமா இருக்குன்னுட்டாளா, எனக்குத் தூக்கமே வரலை. தொழில்ல ஒருத்தன் என்னைப் பொய்யன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. கடையில தகடு கனம் பார்க்கறதுக்கு ஒரு கேஜ் இருக்கு, இந்தா இப்படித் திருகி நடுவுல வச்சுப் பார்க்கறது. அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்தேன். அவளைக் கூப்பிட்டு அடுப்படி மேடைக்கிட்ட நிக்க வச்சு, கத்தி முதுகை அதுல வச்சுத் திருகி, பாரு தங்கம், நீயே பாரு, அரை நூல், கனம் எங்க இருக்குன்னு காட்டுன்னேன். அவ கேஜைப் பார்க்கலை. என்னைப் பார்த்தா. அப்புறம், "அளந்துட்டீங்கல்ல, சரி"ன்னா.

அம்புட்டுத்தான் சார். நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். மறுநாள் நான் கடைக்குக் கிளம்பறப்ப, தம்பி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னா. பொங்கலுக்கு முன்னாடி ஒரு எட்டுப் பார்த்துட்டு வரட்டும்னு நானும் சரின்னேன். ஒரு பையைத் தோள்ல மாட்டிட்டுப் போனா. பொங்கல் வந்துச்சு, போச்சு. போன் பண்ணினா, அவ எடுக்கறதில்லை. மச்சினன் சம்சாரம் பொன்ராணிதான் எடுத்து, மதினி தூங்குறாங்கண்ணே, மதினி குளிக்கிறாங்கண்ணே. எப்ப வர்றான்னு கேட்டா, வருவாங்கண்ணே, இருக்கட்டும்ங்கறா. தனியாப் பொங்கல் வச்சுத் தின்னவன் மதுரையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அதுவும் அடிப்பிடிச்சுப்போச்சு.

அதுக்கப்புறம் மெஸ்ஸுலதான் சாப்பாடு. அங்க பொரியல் எல்லாம் மிசின்ல வெட்டினது, அளவு பிசகாது, ஆனா வாயில வச்சா ஒண்ணும் தெரியலை. வீட்டுக்கு வந்தா லைட்டைப் போடணும், அது ஒரு வேலையா இருக்கு. அவ இருந்தப்ப நான் வந்து லைட் போட்டதே கிடையாது. இந்தக் கத்திச் சண்டைக்கா ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போவா? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், வேற ஒரு காரணமும் பிடிபடலை. அடிச்சேனா, குடிச்சேனா? அவளை ஒரு நாள் வாடின்னு கூப்பிட்டிருப்பேனா? கத்திதான். கத்திதான் காரணம்.

அதான் சார் இது. மூணு கத்தி. காட்டறேன், இருங்க. உங்க கையில குடுக்க மாட்டேன், கத்தியைக் கைக்குக் கை குடுத்தா ஆகாது, சண்டை வரும்பாங்க. இந்தா சீட்டுல வைக்கிறேன், நீங்களா எடுத்துப் பாருங்க. ஒண்ணு அரை நூல், மரப்பிடி. ஒண்ணு அதுலயும் பாதி, கால் நூல், இதுக்குக் கீழ போனா அது கத்தியே இல்லை, சவரபிளேடு. இன்னொண்ணு பழையபடி முக்கால், ஒருவேளை அதுதான் சரின்னு இப்ப தோணுச்சுன்னா. மூணையும் முன்னாடி வச்சு, எது வேணும் தங்கம் உனக்கு, நீயே எடுத்துக்க, நான் அளக்க மாட்டேன்னு சொல்லப் போறேன். கேஜைக் கொண்டாரவே இல்லை. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன இறங்கி வர்றது?

மெல்லப் பிடிங்க, பஸ் குலுங்குது. ஆ, அப்படித்தான். வச்சுருங்க, பழையபடி துண்டுல சுத்திக்கிறேன்.

இருங்க சார், போன் அடிக்குது. பொன்ராணிதான்.

சொல்லும்மா. ஆமாம்மா, பஸ்ஸுலதான் வர்றேன். அருப்புக்கோட்டை தாண்டிருச்சு. ஒரு மணிக்கெல்லாம் வந்துருவேன். என்னது? சரியாக் கேக்கலை, திருப்பிச் சொல்லு. ஓ. ஓகோ. சரி. அப்படியா. சரி வச்சுரு.

கேட்டீங்களா சார்? சாப்பாட்டு நேரத்துல வராதீங்கண்ணே, மூணு மணிக்கு மேல வாங்கங்கறா. நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பார்த்து, சாப்பாட்டு நேரத்துல வராதேன்னு எந்த வீட்டுலயாவது சொல்லுவாங்களா? எதிராளி வந்தாக்கூட உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் பேசுவோம்பாங்க. ஒரு வேளைச் சோத்துக்கா நான் இந்த வெயில்ல பஸ் ஏறி வர்றேன்? பட்டினியாக்கூடக் கிடப்பேன். இல்லை, நான் எழுந்திரிச்சுத் திரும்பிப் போயிருவேன் சார். அடுத்த ஸ்டாப்புல இறங்கி மதுரை பஸ்ஸைப் பிடிச்சுருவேன். மரியாதை இல்லாத இடத்துல காலை வைக்கிறவன் இல்லை இந்தப் பூவலிங்கம். இத்தனைக்கும் மச்சினன் சேர்மராஜ் கல்யாணத்துக்கு நான் செஞ்சது...

திருப்பியும் பொன்ராணிதான். எடுக்கட்டுமா? எடுக்கறேன்.

ம். சொல்லு. இல்லை, கோவமெல்லாம் இல்லை. சொல்லு.

ம்.

எப்ப இருந்து?

ம். ம்.

அவ கிட்டக் குடேன். சரி. சரி, வேண்டாம். சொல்லு, நான் கேக்கறேன்.

ம்.

சரிம்மா.

...

இல்லை சார், ஒண்ணுமில்லை. தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. நீங்களே மூடியைத் திறந்துருங்க.

அவ வலது கை வேலை செய்யலையாம் சார். விரலை மடக்க முடியலையாம். ஐப்பசியில இருந்தே கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வந்திருக்கு. கழுத்துல ஏதோ நரம்பு அமுங்கிப்போச்சாம், கைக்குப் போற பலம் நின்னுபோச்சாம். சேர்மராஜ் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், படமெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கான். ஆபரேசன் பண்ணணுமாம். பண்ணினாலும் பாதிதான் வரும், அதுவும் வந்தாத்தான்னு சொல்லிட்டாங்களாம். இம்புட்டு நாள் எப்படிம்மா விட்டீங்க, வீட்டுல யாரும் பார்க்கலையான்னு டாக்டர் கேட்டிருக்காரு. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டாளாம்.

மதினிக்குத் தண்ணிச் செம்பே கனமா இருக்குண்ணேங்கறா பொன்ராணி. கனமா இருக்காம் சார். அவ எடையைச் சொல்லியிருக்கா. தூக்க முடியலைன்னு சொல்லியிருக்கா. எங்க கடையில கனம்னா முதுகு, தகடு, நூல். இருபது, முப்பது வருசமா எனக்கு அந்தச் சொல்லுக்கு அது ஒண்ணுதான் அர்த்தம். பித்தளைப் பிடி போட்டதைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன் பாருங்க, அந்தக் கைக்கு. அவளை மேடைக்கிட்ட நிக்க வச்சு அதை அளந்து வேற காட்டியிருக்கேன்.

சாப்பாட்டு நேரத்துல வர வேண்டாம்னது அவதானாம், பொன்ராணி இல்லை. இடது கையில ஸ்பூனை வச்சுத்தான் சாப்பிடறாளாம். ரசம்னா நைட்டியில எல்லாம் சிந்திருமாம். சில நாள் பொன்ராணி ஊட்டி விடறாளாம், பச்சைப் பிள்ளைக்கு ஊட்டற மாதிரி. அதை நான் பார்க்கக் கூடாதாம். அவர் பார்த்தா நான் செத்துருவேன்னு அழுதாளாம். நேத்து நான் வர்றேன்னு போன் பண்ணினதுல இருந்து அவளுக்குச் சோறே இறங்கலையாம்.

எங்க வீட்டுல எப்படிச் சாப்பிட்டாள்னு கேக்கறீங்களா? அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன். எனக்கு எடுத்து வைப்பா. நான் சாப்பிட்டு எந்திரிச்சு, கை கழுவி, பேப்பரோட வெளிய வந்தப்புறம்தான் அவ தட்டைப் போடுவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான், எங்கம்மாவும் அப்படித்தான், எல்லா வீட்டுலயும் அப்படித்தானே? அவ உக்காந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு எந்தக் கொழம்பு பிடிக்கும்னு கேட்டீங்கன்னா என்னால சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, அடுப்படியில தனியா உக்காந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நான் டிவியில நியூஸ் பார்த்துக்கிட்டு... அவ சாப்பிட்டாளா இல்லையான்னுகூடத் தெரியலை சார் எனக்கு. மெலிஞ்சுதான் போயிருந்தா. நைட்டி போட்டதுனால அப்படித் தெரியுதுன்னு நினைச்சேன்.

ஊர் பூரா கையைப் பார்த்துக் கத்தி எடுத்துக் குடுத்தவன் நான். காப்பியை நீட்டின கையைப் பார்த்து என்ன கேட்டேன்னு இப்பத்தானே உங்ககிட்டச் சொன்னேன். பெருமையா வேற சொன்னேன்.

அது பந்தல்குடி வளைவுதான். கண்டக்டர் சொல்றாரு. நான் இறங்கணும். மணி என்ன ஆச்சு உங்க வாட்சுல? ஒண்ணு அடிக்கப்போகுதா. நேரம் சரியாத்தான் இருக்கு. இப்பத்தான் இலையைப் போடுவாங்க.

மூணு மணி வரைக்கும் டீக்கடையில உக்காந்திருக்க என்னால ஆகாது சார். இப்பவே போறேன். திட்டினா திட்டட்டும், அழுதா அழுகட்டும், கதவைச் சாத்தினா வெளிய நிக்கிறேன். நிக்கிறது எனக்குப் புதுசு இல்லை. எனக்குச் சோறு பிசையத் தெரியும். கொழம்பை ஊத்தி நல்லாப் பிசைஞ்சு, உருட்டி அவ இடது கையில வச்சா வாங்கிக்க மாட்டாளா? இல்லேன்னா நானே வாயில குடுக்கறேன். எம்புட்டு உருண்டை உருட்டணும்னுதான் தெரியலை. அவளுக்கு வாய் சின்னதா, பெருசாப் பிடிப்பாளா, ஒண்ணும் தெரியலை. அதை அவகிட்டயே கேட்டுக்கிறேன். காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க சார், இறங்கணும்.